அன்புக்கரசி பாடி ஒர்க்ஸ்

கல்யாணமாகி மந்தாரக்குப்பத்துக்கு வந்த முதல் வாரத்திலேயே அன்புக்கரசி துணிமணியை மூட்டை கட்டிவிட்டாள். மாமியார் கொடுமையெல்லாம் இல்லை. ஆரோக்கியதாஸ் சாப்பிட உட்கார்ந்து, குழம்பைப் பிசைந்துகொண்டே, "இன்னிக்கி ரெண்டு பாடி வந்துச்சி அன்பு. ஒண்ணு ரொம்ப அழுவிப்போச்சி. அறுத்துத்தான் எடுக்கணும்" என்று சொன்னதுதான் காரணம்.

அவள் பிறந்த சேத்தியாத்தோப்புப் பக்கம் பாடி என்றால் ஒரே அர்த்தம்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வேனில் வருமே, அது. கார் ஷெட்டில் வேலை என்று சொன்னவன் பிணவறையில் வேலை செய்கிறான், அந்தக் கையாலேயே சோறும் பிசைகிறான் என்று அவள் நினைத்துவிட்டாள். விடிந்ததும் தாஸ் அவளைக் கையோடு ஷெட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய், கல்லுக்கு மேல் நிறுத்தியிருந்த இரண்டு கார்க் கூடுகளைக் காட்டினான். இஞ்சினும் இல்லாமல் சீட்டும் இல்லாமல் தகடு மட்டும் நின்றது. "இதுதாண்டி பாடி" என்றான். அவன் சிரித்த சிரிப்புக்கு அவள் இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. மூட்டையை மட்டும் அவிழ்த்துவிட்டாள்.

இப்போது நெய்வேலி டவுன்ஷிப்பில் பழைய கார் வைத்திருக்கிறவர்கள் யாரைக் கேட்டாலும் அவளைத் தெரியும். தாஸின் கை பெயிண்ட்டுக்குப் பிறந்த கை. தகட்டோடு மல்லுக்கட்ட அவனுக்குப் பொறுமை போதாது. தகடு வேலை பார்த்துக்கொண்டிருந்தவர் வெளிநாடு போய்விட்ட சமயத்தில், மத்தியானச் சோறு கொண்டுவந்தவள் சும்மா நிற்பானேன் என்று தகட்டுக்குப் பின்னால் இரும்புக் கட்டியை அணைத்துப் பிடித்தாள். அப்புறம் சுத்தியலையும் அவளே எடுத்துக்கொண்டாள். இரும்பை அடிப்பதற்குக் கோபம் வேண்டும் என்று நினைக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். கோபக்காரன் அடித்த கதவைத் தடவிப் பார்த்தால் அம்மை போட்ட முகம் மாதிரி இருக்கும். அன்புக்கரசி அரிசியில் கல் பொறுக்குகிறவள் மாதிரி அடிப்பாள். ஒரு தட்டு, ஒரு தடவல். கையில் பழைய சேலைத் துணியைச் சுற்றிக்கொண்டு தடவினால் கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளமும் கைக்குத் தெரியும்.

சொந்தமாக ஷெட் போட்டபோது தாஸ் தானே ஏணியில் ஏறிப் பலகை எழுதினான். மஞ்சள் பின்னணியில் சிவப்பு எழுத்து: அன்புக்கரசி பாடி ஒர்க்ஸ். "உங்க பேர எழுதுங்க" என்று அவள் கீழே நின்று கத்தினாள். "பாடி உன்னுது, பெயிண்ட்டுதான் என்னுது" என்றான் தாஸ், தூரிகையை எடுக்காமலேயே. நாள் போகப் போக ஒர்க்ஸ் என்ற சொல் ஜனங்களின் வாயில் தேய்ந்து உதிர்ந்துவிட்டது. ஆட்டோக்காரர், டீக்கடைக்காரர், குவார்ட்டர்ஸ் ஆட்கள் எல்லாருக்கும் அது 'அன்புக்கரசி பாடி'. அங்கே யாருக்கும் அந்தப் பேரில் ஒரு குறையும் தெரியவில்லை. தினம் சொல்கிற பேரில் யார் அர்த்தம் தேடுகிறார்கள்?

எல்லாம் சரியாகத்தான் இருந்தது, ஒன்றைத் தவிர. அவளுக்குப் பிறந்த வீடு இல்லை.

இல்லை என்றால், இருந்தும் இல்லை. அப்பாவும் அம்மாவும் அவள் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். கூலிக்கு நாற்று நட்ட குடும்பத்தில் மிச்சம் அண்ணன் செங்குட்டுவனும் அவளும்தான். சேத்தியாத்தோப்பு பஸ் ஸ்டாப்பில் டீ ஆற்றி ஆற்றியே அவளைப் பத்தாவது வரை படிக்க வைத்தான். தலை வாரிவிடக்கூடத் தெரிந்துகொண்டான். ஜடை மட்டும் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டே இருக்கும். அப்படி வளர்த்தவன் ஊரிலேயே ஒரு மாப்பிள்ளை பார்த்து, பாக்கு வெற்றிலை மாற்றிய மறு வாரம், அவள் தாஸோடு போய்க் கோயிலில் மாலை மாற்றிக்கொண்டாள். மாதா கோயில் என்பதில் செங்குட்டுவனுக்குப் பெரிய கோபம் இல்லை. தன்னிடம் சொல்லவில்லை என்பதுதான். அவள் தாஸோடு போய் அவன் வாசலில் நின்றபோது ஒரே வார்த்தைதான் சொன்னான்.

"நீ செத்தா கூட உன் வூட்டு வாசல மிதிக்க மாட்டன்."

சொன்னதைச் செய்தும் காட்டினான். பிள்ளை பிறந்ததற்கு வரவில்லை, காது குத்துக்கு வரவில்லை. மகள் ஏஞ்சலின் வளர்ந்து கடலூரில் காலேஜ் படிக்கிறாள். தாய்மாமன் முகம் அவளுக்குத் தெரியாது. ஒவ்வொரு தை மாதமும் தெருவில் மற்றப் பெண்களுக்கு அண்ணன் தம்பிகள் கரும்பும் சேலையும் தூக்கிக்கொண்டு சீர் கொண்டுவரும்போது, அன்புக்கரசி ஷெட்டில் ஏதாவது ஒரு தகட்டை எடுத்துவைத்துக்கொண்டு அடிப்பாள். அன்றைக்கு மட்டும் அடி கொஞ்சம் கனமாக விழும்.

பக்கத்துத் தெருப் பொன்னம்மாள் கார்த்திகை மாதம் இறந்துபோனாள். உடம்பை ஐஸ் பெட்டியில் வைத்துவிட்டு எல்லாரும் காத்திருந்தார்கள். "பொறந்த வூட்டு கோடி வந்துச்சா? பொறந்த வூட்டு கோடி வந்துச்சா?" என்று வந்த பெண்கள் எல்லாம் கேட்டார்கள். பெண் பிறந்த வீட்டிலிருந்து வருகிற புதுச் சேலைதான் கடைசியில் அவள் மேல் விழ வேண்டும். அது வராமல் எடுக்க மாட்டார்கள். சாயங்காலம் திருவதிகையிலிருந்து அண்ணன்மார் வந்து சேலையைப் போர்த்தினார்கள். பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்த அன்புக்கரசி சாப்பிடவில்லை.

"ஏங்க, நான் செத்தா அந்தப் பொட்டிய வெச்சிக்கினு யாருக்காகக் காத்துக்கினு இருப்பீங்க?"

எதற்கும் ஒரு கிண்டல் வைத்திருக்கிற தாஸ் அன்றைக்கு அதை எடுக்கவில்லை. தன் அக்கா போடுவாள் என்றான். "அது புருசன் வூடு. நான் கேக்கறது பொறந்த வூடு" என்று சொல்லிவிட்டு அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அண்ணன் மேல் அவளுக்கு ஆத்திரம் இருந்தது. அதைவிடப் பெரிதாக ஆசை இருந்தது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அவன் கையால் ஒரு சேலை வாங்கிவிட வேண்டும்.

பொங்கல் கழிந்ததும் சிவக்குமாரின் பழைய பத்மினி கார் வந்தது. சிவக்குமார் சுரங்கத்து ஆபீசில் வேலை பார்க்கிறவர். அவருடைய அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து நெய்வேலிக்கு வேலைக்கு வந்து, பெர்மனென்ட் ஆன சந்தோஷத்தில் வாங்கிய வண்டி. அப்பா போய்விட்டார். அம்மா இசக்கியம்மாளுக்குக் காது மந்தம். அந்த வண்டியில் ஒரு தடவை மெயின் பஜாரைச் சுற்றி வர வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாள். அதற்காகத்தான் சிவக்குமார் குவார்ட்டர்ஸ் கொட்டகையில் தூங்கிக்கொண்டிருந்த வண்டியைக் கயிறு கட்டி இழுத்து வந்திருந்தார்.

மேலே பார்த்தால் வண்டி மினுமினுவென்று இருந்தது. அன்புக்கரசி குனிந்து, கதவின் அடி ஓரத்தைத் திருப்புளியால் மெல்லக் குத்தினாள். திருப்புளி உள்ளே போய்விட்டது. கதவைக் கழற்றிச் சாய்த்ததும் உள்ளேயிருந்து துரு அப்பளம் அப்பளமாக உதிர்ந்தது. அதோடு கறுப்புச் சேறும் வந்தது.

"எங்கப்பா டெய்லி தொடைப்பாருக்கா" என்றார் சிவக்குமார், நம்ப முடியாமல். "ஷிஃப்ட்டுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு தடவை, வந்து ஒரு தடவை."

அவர் அப்பா துடைத்தது நிஜம். துடைத்ததோடு நிறுத்தவில்லை, அதுதான் வினை. நெய்வேலியில் கார் வைத்திருக்கிறவனுக்கு முதல் எதிரி தூசி. நிலக்கரித் தூளும் சாம்பலும் எங்கே இடுக்கு இருக்கிறது என்று பார்த்து உட்காரும். கதவின் அடியிலும், கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் படியிலும் சின்னச் சின்ன ஓட்டைகள் இருப்பதைப் பெரியவர் பார்த்திருக்கிறார். இது வழியாகத்தான் தூசி நுழைகிறது என்று, குழாய்க்குப் பூசும் பசையைப் பிசைந்து ஒவ்வொன்றையும் அடைத்துவிட்டார். கண்ணாடி வழியாகக் கதவுக்குள் இறங்குகிற மழைத்தண்ணீர் வெளியே போகத்தான் அந்த ஓட்டை என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. இந்த ஊரில் அந்தக் காரியத்தைச் செய்த ஆள் அவர் ஒருவர் மட்டும் இல்லை. அன்புக்கரசி இதே மாதிரி அடைத்த கதவுகள் எத்தனையோ பார்த்திருக்கிறாள். தூசி வெளியே நின்றது. தண்ணீர் உள்ளே நின்றது. வருஷக்கணக்காக நின்றது.

"ஆசையிலதான் செஞ்சிருக்காரு தம்பி. வுடுங்க, பாத்துக்கலாம்" என்றாள்.

வேலை மாசி வரை இழுத்தது. கதவு வாய்க்குக் குறுக்கே ஒரு குழாயை முதலில் பற்றவைத்துக்கொண்டாள். அது இல்லாமல் கீழ்ப்படியை வெட்டினால் வண்டி நடுவில் தொய்ந்துவிடும், பிறகு எந்தக் கதவும் ஜென்மத்துக்கும் சேராது. அப்புறம் வெட்ட ஆரம்பித்தாள். வெட்டுவதில் அவள் கருமியும் இல்லை, தாராளமும் இல்லை. குத்திப் பார்த்துக்கொண்டே போவாள். உள்ளே இறங்கினால் இன்னும் கெட்டது, டிங்கென்று சத்தம் வந்தால் நல்ல தகடு. அந்தச் சத்தம் வருகிற இடத்தில்தான் நிற்பாள். துருப்பிடித்த ஓரத்தை விட்டுவைத்து அதன் மேல் புதுத் தகட்டை ஒட்டினால், நெருப்புப் பட்டதுமே அது காகிதம் மாதிரி பொசுங்கி ஓட்டையாகும். ஒட்டினாலும் இரண்டு மழைக்குத் தாங்காது.

அட்டையில் அளவு வெட்டி, அந்த அளவுக்குத் தகடு வெட்டி, மடித்து, இங்கே ஒரு பொட்டு அங்கே ஒரு பொட்டு என்று தள்ளித் தள்ளிப் பற்றவைத்தாள். ஒரே இடத்தில் தொடர்ந்து சூடு காட்டினால் தகடு கோபித்துக்கொண்டு நெளிந்துவிடும். ஒவ்வொரு பொட்டுக்கும் ஈரத் துணியை ஒற்றி ஒற்றி ஆற வைத்தாள். சேர்ந்த பிறகு சுத்தியலும் இரும்புக் கட்டியும் துணி சுற்றிய கையும்.

பட்டி பூசுகிற கட்டத்தில் புருஷன் பெண்டாட்டிக்கு வழக்கமான சண்டை வந்தது. பட்டி என்பது மேடு பள்ளத்தை நிரவப் பூசுகிற மாவு. கொஞ்சம் கெட்டியாக அப்பினால் என்ன, பெயிண்ட் கண்ணாடி மாதிரி நிற்கும் என்பது தாஸின் கட்சி.

"பட்டி பவுடர் மாதிரி இருக்கணும். செவுத்துக்குச் சாந்து அப்பற மாதிரி அப்பனா நாளைக்கி ஒரு கல்லு பட்டா பேந்துகினு வந்துரும்."

"சரிங்க மேஸ்திரி" என்றான் தாஸ். அவள் சொன்னபடிதான் பூசினான்.

எல்லாம் முடிந்து, பெயிண்ட் ஏறுவதற்கு முன்னால், பெரியவர் அடைத்த அத்தனை ஓட்டைகளையும் அவள் மறுபடி துளைத்துத் திறந்தாள். பார்த்துக்கொண்டிருந்த சிவக்குமாருக்கு மனசு கேட்கவில்லை. "தூசி போகாதாக்கா?"

"போவும் தம்பி. தூசி தொடச்சா போயிடும். தண்ணிய எப்பிடித் தொடைப்பீங்க?"

வியாழக்கிழமை பெயிண்ட் காய்ந்து, பாலாடை நிறத்தில் வண்டி நின்றது. அன்று சிவக்குமார் பழைய பம்பர் ஒன்று கிடைப்பதாகக் கேள்விப்பட்டுக் கும்பகோணத்துக்குப் பஸ் ஏறியிருந்தார். வழியில் சேத்தியாத்தோப்பில் பஸ் நின்றது. டீ குடிக்க இறங்கினார்.

அங்கே நடந்தது அன்புக்கரசிக்கு அப்போது தெரியாது. பிறகு சிவக்குமார் பாதியும் செங்குட்டுவன் பாதியுமாகச் சொன்னதுதான். அதை இங்கேயே சொல்லிவிடுவதுதான் முறை.

சிவக்குமார் டீயை வாங்கிக்கொண்டு அம்மாவுக்குப் போன் போட்டார். அம்மாவுக்குக் காது மந்தம் என்று சொன்னேன் அல்லவா? அதனால் அவர் பேசியது பஸ் ஸ்டாப் முழுக்கக் கேட்டது.

"அம்மா! கேக்குதா? அன்புக்கரசி பாடி! ஆமா, நெய்வேலிதான், மந்தாரக்குப்பம்! கீழ்ப்பக்கம் பூரா அழுகிப்போச்சு, வெட்டி எடுத்துட்டாங்க! மூஞ்சிக்கு ஒண்ணும் ஆகல, நல்லா இருக்கு! நாளைக்குக் காலைல எடுக்கணும்! வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகு காலம் வந்துரும், அதுக்குள்ள எடுத்துரணும்! மாலையா? வாங்கிருவோம், வாங்கிருவோம்!"

டிரைவர் ஹாரன் அடித்தார். சிவக்குமார் கிளாஸை வைத்துவிட்டு ஓடிப்போய் ஏறிக்கொண்டார். டீக்கடையில் செங்குட்டுவன் ஆற்றிக்கொண்டிருந்த டீ, கிளாஸ் நிரம்பி, கையில் வழிந்து, தரையில் ஓடியது. அவனுக்குச் சுடவில்லை. நெய்வேலியில் எந்தக் குழந்தையைக் கேட்டிருந்தாலும் அது என்ன பாடி என்று சொல்லியிருக்கும். ஆனால் தங்கச்சியைப் பற்றி யாராவது பேச்செடுத்தாலே எழுந்து போய்விடுகிறவனுக்கு எப்படித் தெரியும்?

கடையைப் பாதியில் சாத்தினான். துணிக்கடைக்குப் போனான். ராத்திரி பையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தான். விடியற்காலை முதல் பஸ்ஸைப் பிடித்தான்.

வெள்ளிக்கிழமை காலை அன்புக்கரசிக்குப் பாக்கி இருந்தது ஒரே வேலை. வண்டியின் அடிவயிற்றில் கறுப்புப் பூச்சு ஒரு கை அடித்துவிட வேண்டும். மேலே புதுப் பெயிண்ட்டில் சாம்பல் விழாமல் இருக்க, வெள்ளைப் போர்வையை வண்டி மேல் தரை வரைக்கும் போர்த்திவிட்டாள். வாயில் மூக்கில் சொட்டாமல் முகத்தைத் துணியால் கட்டிக்கொண்டு, சக்கரம் வைத்த பலகையில் படுத்து அடியில் நுழைந்தாள். கால் இரண்டும் மட்டும் வெளியே இருந்தன. தாஸ் பால் வாங்கப் போயிருந்தான்.

செங்குட்டுவன் நெய்வேலி ஆர்ச் கேட்டில் இறங்கி ஆட்டோக்காரரிடம் நெருங்கினான். "அன்புக்கரசி பாடி..." என்றான்.

"அன்புக்கரசி பாடியா? ஏறுங்க, ஏறுங்க" என்றார் ஆட்டோக்காரர் உற்சாகமாக. வண்டியைக் கிளப்பிக்கொண்டே, "உங்களுது என்னா வண்டிங்க?" என்று கேட்டார்.

இந்த ஊரில் மனிதர்களுக்கு ஈவிரக்கமே கிடையாது போலிருக்கிறது என்று செங்குட்டுவன் நினைத்தான். வழியில் நிறுத்தி ஒரு ரோஜா மாலை வாங்கினான். மாலையைப் பார்த்த ஆட்டோக்காரர், "ஓ, டெலிவரியா? வாழ்த்துக்கள்" என்றார்.

ஷெட் வாசலில் அழுகைச் சத்தம் இல்லை, கொட்டுச் சத்தம் இல்லை, நாலு நாற்காலிகூட இல்லை. உள்ளே தரை வரை தொங்கும் வெள்ளைத் துணி. அதற்கு வெளியே இரண்டு கால்கள். வலது பாதத்தில் சின்ன வயதில் அரிவாள் பட்ட தழும்பு.

"அன்பூ! ஒரு நாதி கூட இல்லாம இப்பிடிக் கட்டாந்தரையில போட்டு வெச்சிக்கிறாங்களே!"

அடியில் இருந்தவளுக்குக் கையில் இருந்த பிரஷ் நழுவி நெற்றியில் விழுந்தது. அந்தக் குரலை அவள் எங்கே கேட்டாலும் கண்டுபிடிப்பாள். அந்தக் குரல் அழுது மட்டும் அவள் கேட்டதில்லை. காலை உந்திக்கொண்டு பலகையோடு வெளியே உருண்டு வந்தாள். முகம் பூராவும் துணி, தெரிகிற இடமெல்லாம் கறுப்பு, நடுவில் இரண்டு கண். செங்குட்டுவன் மாலையைக் கீழே போட்டுவிட்டு இரண்டடி பின்னால் போனான்.

"அண்ணா" என்றாள் துணியை இழுத்துவிட்டு. "என்னா ஆச்சு? யாருக்கு என்னா?"

அவன் வேறொரு வண்டியிலிருந்து கழற்றி ஓரமாக வைத்திருந்த சீட்டில் பொத்தென்று உட்கார்ந்தான். "உனக்குத்தான்" என்றான். "உன் பாடினு சொன்னாங்க. கடையில ஒரு ஆளு போன்ல பேசிக்கினு இருந்தாரு. அழுவிப்போச்சு, வெட்டி எடுத்துட்டாங்கனு."

அன்புக்கரசி அவனைப் பார்த்தாள். அப்புறம் வாசலுக்கு மேலே தாஸ் எழுதிய பலகையைப் பார்த்தாள். முதல் வாரத்து மூட்டை ஞாபகம் வந்தது. சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே அது வேறு ஒன்றாகிவிட்டது, அடக்க முடியவில்லை.

"வெளிய போயி அந்தப் பலகையப் படி. நல்லாப் படி. பாடி ஒர்க்ஸ். கார் பாடி. இந்த ஊர்ல எல்லாருக்கும் தெரியும். எம்பேர்ல ஒரு ஷெட்டு இருக்குதுன்ற விசயம் உனக்குத் தெரிஞ்சிருந்தா, நீ இன்னிக்கி வந்தே இருக்க மாட்ட இல்ல?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"உயிரோட இருக்கசொல்ல ஒரு தை மாசம் வந்தியா? பொண்ணு பொறந்ததுக்கு வந்தியா? வாசல்ல கரும்பு வந்து எறங்கற சத்தம் கேக்கறப்பெல்லாம் எட்டி எட்டிப் பாத்தனே, வந்தியா? செத்துட்டன்னு கேட்டதும் ஓடி வர. உனக்கு நான் செத்தாத்தான் தங்கச்சியா?"

"வர மாட்டன்னுதான் இருந்தன்" என்றான் செங்குட்டுவன், தரையைப் பார்த்தபடியே. "கேட்டதும் ஒண்ணும் நிக்கல அன்பு. நான் சொன்ன சொல்லும் நிக்கல, ஒண்ணும் நிக்கல. உன்ன யாரு ஒரு கோடி போட்டுத் தூக்குவாங்கனுதான் நெனப்பு."

பாலோடு வந்த தாஸ் வாசலில் அப்படியே நின்றுவிட்டான். விஷயத்தைப் புரிந்துகொள்ள அவனுக்கு ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் சிரிக்காமல் இருந்தான். அவனைப் பொறுத்தவரை அது பெரிய தியாகம்தான். "வாங்க மச்சான்" என்று மட்டும் சொன்னான். டீ போட அடுப்பைப் பற்றவைத்தான். போட்டுக்கொண்டே, யாரிடமும் இல்லாத மாதிரி, "ரெண்டு பேருமா ஓட்டைய அடச்சி வெச்சிட்டு தண்ணிய உள்ளயே தேக்கிக்கினு இருந்தீங்க" என்றான்.

செங்குட்டுவன் அப்போதுதான் அக்குளில் இடுக்கியிருந்த துணிக்கடைப் பையைக் கவனித்தான். சட்டென்று அதை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். அன்புக்கரசி பார்த்துவிட்டாள்.

"அத எடு இப்பிடி."

"வாண்டாம் அன்பு. இது ஆவாது. நான் போறசொல்ல வெள்ளாத்துல போட்டுட்டுப் போயிடறன்."

"குடு."

கைகூடக் கழுவாமல், கறுப்பு படாத முழங்கையால் பையைத் தள்ளிப் பார்த்தாள். கோடி என்று கடையில் கேட்டால் எடுத்துப் போடுகிற மலிவுச் சேலை இல்லை. கிளிப்பச்சையில் அரக்குக் கரை. நல்ல நூல். துக்கத்துக்குப் போகிறவன் துணிக்கடையில் நின்று நிறம் பார்த்து எடுத்திருக்கிறான்.

"உனுக்கு பச்சதான புடிக்கும்" என்றான் அவன்.

அன்புக்கரசி பின்பக்கம் போனாள். மண்ணெண்ணெய் போட்டு, சோப்புப் போட்டு, கறுப்பு போகிற வரைக்கும் கையைத் தேய்த்தாள். ஷெட்டுக்குப் பின்னாலேயே இருந்த வீட்டுக்குள் போய் வந்தபோது அவள் கையில் ஒரு கிண்ணம் இருந்தது. குழைத்த மஞ்சள்.

சாவுக்குப் போடுகிற கோடியில் மஞ்சள் வைக்க மாட்டார்கள். உயிரோடு இருக்கிறவர்கள் உடுத்துகிற புதுத் துணிக்குத்தான் மூலையில் மஞ்சள் வைத்துக் கொடுப்பது. இது செங்குட்டுவனுக்கும் தெரியும். கிண்ணத்தைப் பார்த்ததுமே அவன் உதடு கோணிக்கொண்டது.

"வெச்சிக் குடு. இந்த வருசத்துப் பொங்கச் சீரு. லேட்டா வந்துச்சினு எழுதிக்கறன்."

அவன் விரலை மஞ்சளில் தொட்டான். மூலையில் வைக்க வேண்டிய பொட்டு ரெண்டு இடத்தில் விழுந்தது. சேலையை இரண்டு கையிலும் ஏந்தி நீட்டினான். "நல்லாக் கட்டிக் கிழிச்சிக்கினு நூறு வருசம் இரு" என்றான். தாஸ் டீ கிளாஸை நீட்டியபோது, "குடுங்க மாப்ள" என்று வாங்கிக்கொண்டான். அந்த ஒரு சொல்லுக்கு தாஸ் எத்தனை வருஷமாக இடம் வைத்திருந்தானோ, முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்பை அணைத்தான். கீழே கிடந்த ரோஜா மாலையைத் தட்டி எடுத்து, போர்வையை விலக்கி, பத்மினியின் பானட்டில் சாத்தினான்.

அன்புக்கரசிக்கு இன்னும் அடியில் ஒரு மூலை பாக்கி இருந்தது. சேலையைக் கறை படாத உயரத்தில், தன் சுத்தியல்கள் தொங்குகிற ஆணிக்கும் மேலே மாட்டினாள். மறுபடி முகத்தைக் கட்டிக்கொண்டு பலகையில் படுத்தாள். உள்ளே போனவுடன் மேஜை மேல் அவள் போன் அடித்தது. கை முழுக்கக் கறுப்பு. தாஸ் கிளாஸ் கழுவப் பின்னால் போயிருந்தான்.

"அண்ணா, அத எட்து என்னானு கேளு. காது மந்தம் மாதிரி கத்தாத."

செங்குட்டுவன் தயங்கித் தயங்கி எடுத்தான். "அன்புக்கரசி பாடிங்களா? ரெடியாயிருச்சா?" என்று சிவக்குமாரின் குரல் ஷெட் முழுக்கக் கேட்டது. அடியில் படுத்திருந்தவள் பிரஷ்ஷை நிறுத்திவிட்டு, அவன் என்ன சொல்லப் போகிறான் என்று காத்திருந்தாள்.

"ஆமாங்க" என்றான் அவன். "ரெடிங்க. வாங்க. நான் அவுங்க அண்ணன் பேசறன்."